பாண்டிராஜ் படமா? கேட்டுக்கொண்டிருப்பவரைப் பாருங்கள்

பாண்டிராஜ் படங்களில் யாராவது ஒருவர் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பார். அக்கா தம்பியிடம், மாமியார் மருமகளிடம், பங்காளி பங்காளியிடம். ‘ஒரே சத்தம்’ என்று சிலர் ஒதுக்குவதும் அதனால்தான். அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: பேசுகிறவரை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பவரைக் கவனியுங்கள்.

‘பசங்க’விலிருந்து தொடங்கலாம். திருமயம் பக்கம் விராச்சிலைக்காரரான பாண்டிராஜ், சேரனிடம் உதவி இயக்குநராக இருந்துவிட்டு, 2009-ல் தந்த முதல் படம். சசிகுமார் தயாரிப்பு. கதை நடப்பதும் புதுக்கோட்டைச் சீமையில்தான். ஊருக்குப் புதிதாக வந்த அன்புக்கரசுக்கும் வாத்தியார் மகன் ஜீவாவுக்கும் வகுப்பில் மூளும் பகை, இரண்டு வீட்டுச் சண்டையாகத் தெருவுக்கு வருகிறது. அன்புவின் அப்பாவும் அம்மாவும் கத்திக்கொள்ளும் காட்சிகளில் முதல் தடவை நம் கண் அவர்கள் மேல்தான் இருக்கும். இரண்டாம் தடவை பையனை மட்டும் பாருங்கள். கலெக்டர் ஆவேன் என்று பள்ளிக்கூடத்தில் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறவன் வீட்டுக்குள் எப்படி ஒடுங்கிப்போகிறான்! படத்தின் உண்மையான வலி அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது, ஜெயப்பிரகாஷ் நடித்த சொக்கலிங்கம் வாத்தியார். அன்புவின் அப்பாவிடம் அவர் மனம்விட்டுப் பேசும் இடம் எனக்கு மிகவும் பிடித்தது. குரலை உயர்த்தாமல், எதிரில் இருப்பவரையும் மதித்துப் பேசுவார். பிரிட்டிஷ் இயக்குநர் கென் லோச் 1969-ல் எடுத்த ‘கெஸ்’ படத்திலும் இப்படி ஓர் ஆசிரியர் உண்டு. நிலக்கரிச் சுரங்க ஊரில் யாரும் மதிக்காத பையன், தான் வளர்க்கும் பறவையைப் பற்றி வகுப்பில் சொல்லச் சொல்ல, அவர் காது கொடுத்துக் கேட்பார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், குழந்தைகளின் பேச்சைக் கேட்க ஒரு பெரியவர் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது புரியும்.

‘பசங்க’வுக்குச் சிறந்த தமிழ்ப் படம், வசனம், குழந்தை நட்சத்திரங்கள் என்று தேசிய விருதுகள் கிடைத்தன. வசனத்துக்கான விருது பாண்டிராஜுக்கு. தகுதியான விருது.

பிறகு ‘வம்சம்’ (2010). அதே புதுக்கோட்டை மண், ஆனால் அரிவாளும் குலப்பகையும். ‘பசங்க 2’ (2015) நல்ல நோக்கத்தோடு நகரத்துக்குப் போன படம். ஆனால் அதில் அறிவுரை கூடிவிட்டது. கேட்கும் ஆள் திரையில் இல்லாமல் நாமே அந்த இடத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. ‘கடைக்குட்டி சிங்கம்’ (2018) அவரை மீட்டுத் தந்தது. ஐந்து அக்காக்களுக்குப் பிறகு பிறந்த விவசாயி கார்த்தி. தங்கள் மகளைத்தான் கட்ட வேண்டும் என்று அக்காக்கள் மல்லுக்கட்டும்போது அவர்களுடைய கணவர்களைப் பாருங்கள். வீட்டு மாப்பிள்ளைகள் எங்கே பேசலாம், எங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதை இவ்வளவு துல்லியமாக அறிந்த இயக்குநர்கள் குறைவு. 2025-ல் வந்த ‘தலைவன் தலைவி’யில் விஜய் சேதுபதியும் நித்யா மேனனும் போடும் சண்டையை, சுற்றி நிற்கும் சொந்தங்கள்தான் ஊதிப் பெரிதாக்குகின்றன.

‘பசங்க’வைத் தனியாகப் பார்க்காதீர்கள். வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். முடிந்ததும் அவர்களைப் பேசவிட்டு நீங்கள் கேளுங்கள்.