அங்க சொல்லிட்டு வந்தீங்களா?

ஒரு க்ளானின் தரத்தை வார் லாகை வைத்து அளப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போனதே இல்லை. வார் லாகில் தெரிவது போன மாதத்து வெற்றி. அந்தக் க்ளான் இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்று தெரிய வேண்டுமானால், அது ஆள் சேர்க்கிற விதத்தைப் பார்க்க வேண்டும். க்ளாஷ் ஆஃப் க்ளான்ஸ் (சி.ஓ.சி.) ஆட்டத்தில், இந்தக் கலையில் நான் கண்ட பெரிய கைகாரர் ஜீயபுரத்துக்காரர், எங்கள் கோ-லீடர். கரூர் ரோட்டில் வாழைத்தார் வியாபாரம். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார்.

அவரிடம் நான் முதலில் ரசித்தது, கேட்காமல் விடுகிற கேள்விகளை. ரிக்வெஸ்ட் வந்ததும் "டி.எச். என்ன ப்ரோ, ஹீரோ லெவல் என்ன ப்ரோ" என்று ஆரம்பிக்கிற லீடர்கள்தான் அதிகம். எல்லாம் ப்ரொஃபைலிலேயே இருக்கிறதே! எத்தனை வார் ஸ்டார், இந்த சீசனில் எவ்வளவு கொடுத்தார், எவ்வளவு வாங்கினார், குயினை எதுவரை ஏற்றியிருக்கிறார் என்பதெல்லாம் ஒரு தட்டில் தெரியும். அதை வாய்விட்டுக் கேட்டால், வந்தவரை நாம் ஏறிட்டே பார்க்கவில்லை என்றுதான் ஆகிறது. நம்மவர் முதலில் போய் பேஸைப் பார்த்துவிடுவார். சுவர் பின்தங்கியிருந்தால் பொருட்படுத்த மாட்டார். புதிதாக வாங்கிய டிஃபென்ஸை லேஅவுட்டுக்குள் சேர்க்காமல் மூலையில் நிறுத்தி வைத்திருந்தால் மட்டும் கொஞ்சம் யோசிப்பார். யோசித்துவிட்டு, பெரும்பாலும் சேர்த்துக்கொள்வார்.

சேர்த்த பிறகு அவர் கேட்பது ஒரே கேள்வி. "அங்க சொல்லிட்டு வந்தீங்களா?"

ஒரு வார் இரவில் நடந்தது இது. எங்களிடம் ஐம்பதுக்கு நாற்பத்தொன்பது பேர். வந்தவன் டவுன் ஹால் (டி.எச்.) 12, குயினை அருமையாக ஏற்றி வைத்திருந்தான். அப்படி ஓர் ஆளுக்குத்தான் நாங்கள் ஏங்கிக்கொண்டிருந்தோம்.

"வணக்கம் தம்பி. அங்க சொல்லிட்டு வந்தீங்களா?"

"இல்லண்ணா. சும்மா கிளம்பி வந்துட்டேன்."

"அங்க வார் ஓடுதா?"

"ஆமாண்ணா. ஒரு அட்டாக் பாக்கி."

"எவ்ளோ நேரம் இருக்கு?"

"மூணு மணி நேரம்."

"போய் அடிச்சிட்டு, சொல்லிட்டு வாங்க. இடம் வெச்சிருக்கேன்."

வார் நடுவில் வெளியேறினவன் திரும்பிப் போனால் மிச்ச அட்டாக்கை அடிக்கலாம். அந்த வழி இருப்பது எல்லோருக்கும் தெரியும். வந்த ஆளை அந்த வழியில் திருப்பி அனுப்புகிற மனசு எத்தனை பேருக்கு இருக்கிறது? அன்றிரவு இன்னொரு ரிக்வெஸ்ட் வந்தது. எல்டர் ஒருத்தர் அக்செப்ட் பண்ணப் போனார். "அந்த இடம் அந்தத் தம்பிக்கு" என்று சாட்டில் போட்டு நிறுத்திவிட்டார் கோ-லீடர். மறுநாள் காலை தம்பியின் ரிக்வெஸ்ட் வந்தது. அதில் எழுதியிருந்தது இரண்டே சொல்: "சொல்லிட்டேன் அண்ணா."

இந்த ஒரு கேள்வியிலேயே ஆளைப் பற்றித் தெரிய வேண்டியது எல்லாம் வந்துவிடுகிறது. க்ளான் விட்டு க்ளான் தாவுகிற ஹாப்பரா, அங்கே சண்டை போட்டுக்கொண்டு வந்தவனா, நாளைக்கு நம்மையும் இப்படியே விட்டுப் போவானா என்பதெல்லாம் பதில் வருகிற வேகத்திலேயே தெரிந்துவிடும். அதோடு, நாம் பார்த்தே இராத அந்த இன்னொரு லீடருக்கும் இதில் ஒரு மரியாதை போய்ச் சேருகிறது.

ட்ரை-அவுட் வைப்பதுதான் முறை என்று வாதாடுகிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் பப்ஜி பள்ளியில் வளர்ந்தவர்கள். கஸ்டம் ரூம் போட்டு, ஒண்டிக்கு ஒண்டி விட்டுப் பார்த்து எடுப்பார்கள். நாலு பேர் ஸ்குவாடுக்கு அது பொருந்தலாம். ஐம்பது பேர் வருஷக்கணக்காக ஒன்றாக இருக்க வேண்டிய இடத்தில் குறி தப்பாத கை மட்டும் போதாது. 2004-இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டில், கில்டு தொடங்க நினைத்தவர் பத்து வெள்ளிக்கு ஒரு சார்ட்டரை வாங்கிக்கொண்டு இன்னும் ஒன்பது பேரிடம் கையெழுத்துக்கு அலைய வேண்டியிருந்தது. முன்பின் தெரியாதவரை ஊர் வாசலில் நிறுத்திப் பேசிச் சம்மதிக்க வைக்க வேண்டியிருந்தது. ஆள் சேர்ப்பது பேச்சில் தொடங்க வேண்டும் என்பது அந்த ஆட்டத்தைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

2020 செப்டம்பர் 2-ஆம் தேதி பப்ஜியைத் தடை செய்தபோது எங்கள் பக்கத்துப் பையன்கள் நாலு பேர் ஒன்றாகக் க்ளானுக்கு வந்தார்கள். ஒருவன்தான் தேறுவான், மற்ற மூவரும் ரஷ்டு பேஸ். தேறுகிறவனை மட்டும் எடுத்தால் போதும் என்று எங்களில் பலர் சொன்னோம். "நாலு பேரும் வரட்டும், இல்லேன்னா யாரும் வேண்டாம்" என்றார் கோ-லீடர். அடுத்த வருஷம் ஜூலையில் பப்ஜி பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் திரும்பி வந்ததும் நாலு பேரும் கிளம்பிவிட்டார்கள். கிளம்பும் முன் வாரை முடித்து, சாட்டில் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போனார்கள். ட்ரை-அவுட் நண்பர்களுக்கு என் பதில் அந்த நாலு மெசேஜ்தான்.

வரவேற்பு எப்படி என்றும் சொல்ல வேண்டும். புதிதாக ஆட ஆரம்பித்தவரின் க்ளான் கேஸிலில் பத்து இடம்தான் இருக்கும். இரண்டு ஜெயன்ட் போட்டால் நிரம்பிவிடும். வந்தவர் கேட்டவுடன் அதைக் கோ-லீடரே போட்டுவிடுவார், எல்டர்களுக்கு விட மாட்டார். ட்ரெயினிங்குக்கு நேரம் பிடித்த ஆரம்பக் காலத்தில் ஒரு டிராகனுக்கு அரை மணி, பெக்காவுக்கு முக்கால் மணி ஆகும். அதை எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பது என்றால் தன் அட்டாக்கைத் தள்ளிப் போடுவது. 2025 மார்ச்சில் ட்ரெயினிங் நேரத்தையே எடுத்துவிட்டார்கள். வசதிதான், மறுக்கவில்லை. டொனேஷனில் இருந்த அந்தக் கனம் போய்விட்டது.

ஊர் வழக்கத்தையும் முதல் நாளே சொல்லிவிடுவார். பங்குனியில் நம்பெருமாள் ஜீயபுரம் ஆஸ்தான மண்டபத்துக்கு எழுந்தருளும் நாளிலும், முக்கொம்பு நிரம்பி வழிகிற ஆடிப்பெருக்கன்றும் எங்களில் பாதிப் பேர் வாருக்கு வரவில்லை என்று சிவப்புப் போட்டிருப்போம். சென்னையிலோ துபாயிலோ இருந்து வருகிறவருக்கு இது முன்னாலேயே தெரிந்தால், அட்டாக் ஏன் அடிக்கவில்லை என்று அன்றைக்குச் சண்டை வராது.

இப்போது நடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. 2018 அக்டோபரில் வார் லீக் வந்ததிலிருந்து மாசக் கடைசி என்றாலே ஆள் பிடிப்புதான். முதல் தேதிக்குள் பதினைந்து பேரைத் தேற்ற வேண்டும் என்ற அவசரத்தில், நேற்று வரை எதிரில் ஆடியவனுக்கு இன்று இன்வைட் போகிறது. போனஸ் மெடல் தருகிறேன் என்கிறார்கள். அதைவிடக் கொடுமை, வந்த அன்றே கோ-லீடர் பதவி கொடுக்கிறேன் என்பது. அப்படிக் கொடுத்த ஒரு க்ளானில் விடிவதற்குள் எல்லோரும் கிக் ஆகி லீடர் மட்டும் மிஞ்சியதை நான் பார்த்திருக்கிறேன். குளோபல் சாட் இருந்தவரை நாலு வார்த்தை பேசிப் பார்த்து எடுக்க முடிந்தது. அங்கே வசவும் குப்பையும் நிறைய இருந்தது உண்மை. 2019-இல் அதை மூடியபோது குப்பையோடு பேச்சும் போய்விட்டது. ஊர் பேர் தெரியாமல் வருகிறவனை முதலில் உள்ளே விட்டு, பிறகுதான் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

சூப்பர்செல் பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம். கேட்டு வருகிறவர் ஒரு வரி எழுத இடம் இருக்கிறது. கிக் பண்ணும்போது காரணம் எழுதவும் இடம் வைத்திருக்கிறார்கள். ரிக்வெஸ்ட்டை நிராகரிக்கும்போதுதான் ஒரு வார்த்தைக்கும் இடமில்லை. வெறும் பட்டன். "இப்ப இடமில்ல தம்பி, இந்த டேக்ல கேட்டுப் பாருங்க" என்று எழுத ஒரு வரி கொடுத்தால் போதும். எங்கள் கோ-லீடர் நிராகரிக்க மனசில்லாமல் விட்டு வைத்திருக்கிற பாதி ரிக்வெஸ்ட்டுக்கு அன்றைக்கே பதில் போய்விடும்.