ஆர்எக்ஸ் 100-ஐ ரசிப்பது எப்படி?

கோவையிலிருந்து சத்தியமங்கலம் போகும் சாலையும் அவிநாசியிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் சாலையும் அன்னூரில் வெட்டிக்கொள்கின்றன. நாளெல்லாம் அங்கே வண்டிகள் போய்க்கொண்டே இருக்கும். யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஆர்எக்ஸ் 100 ஒன்று கடந்தால் மட்டும் பேக்கரி வாசலில் டீ குடிப்பவர்கள் தலை திருப்புகிறார்கள். 1985 நவம்பரில் வந்து 1996-ல் நின்றுபோன ஒரு 98 சிசி வண்டிக்கு இன்னும் இந்த மவுசு ஏன்? இளமைக்கால நினைப்பு என்று பதில் சொல்லிவிடலாம். அது பாதி பதில்தான். மிக நன்றாகக் கணக்குப் போட்டுக் கட்டிய இயந்திரம் அது. அதை ரசிக்க ஏக்கம் மட்டும் போதாது, அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துவிட்டால், இன்று அதைத் தேடி வாங்குபவர்களில் பலர் முதல் வாரமே செய்யும் வெட்டலையும் மாற்றலையும் செய்ய மனம் வராது.

அமெரிக்காவில் இதே ஏக்கம் ‘மசில் கார்’களின் மேல் இருக்கிறது. 1964-ல் பான்டியாக் நிறுவனம் நடுத்தர உடல் கொண்ட ஒரு காருக்குள் 6.4 லிட்டர் வி-8 இன்ஜினைப் பொருத்தி ஜிடிஓ என்று பெயர் வைத்தது. அந்த உடலுக்கு அந்த இன்ஜின் அதிகம்; அந்த அதிகம்தான் அதன் கவர்ச்சி. 1970-ன் தூய காற்றுச் சட்டம், ஏறிப்போன இன்ஷூரன்ஸ் கட்டணம், 1973-ன் எண்ணெய் நெருக்கடி எல்லாம் சேர்ந்து அந்தக் காலத்தை முடித்துவைத்தன. நம் ஊரில் அதற்கு நேரான வண்டி எது என்றால் சிலர் ராஜ்தூத் 350-ஐச் சொல்வார்கள். எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-ல் கொண்டுவந்த அந்த வண்டியில் இரண்டு சிலிண்டர், 347 சிசி, முப்பது குதிரைத்திறன். ஆனால் அதன் விலையும் பெட்ரோல் செலவும் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டவில்லை. அதே எஸ்கார்ட்ஸ் யமஹாவுடன் சேர்ந்து தயாரித்த ஆர்எக்ஸ் 100 எட்டியது. பருத்தி விற்ற காசில், தறி ஓட்டிய காசில் வாங்க முடிந்த வேகம் அது. ஜிடிஓ இன்ஜினைப் பெருக்கி வேகம் கண்டது. ஆர்எக்ஸ் எடையைக் குறைத்து அதே இடத்துக்கு வந்தது. பெட்ரோல் ஊற்றிய பிறகும் அதன் எடை 103 கிலோதான். இன்ஜின் தருவது 11 குதிரைத்திறன். அதே 1985-ல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100-ன் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின், ஏறக்குறைய அதே அளவில், ஏழு குதிரைத்திறனை ஒட்டித்தான் தந்தது. இன்றைய ஸ்ப்ளெண்டர்கூட எட்டில்தான் நிற்கிறது.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் ரசனை தொடங்குகிறது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒருமுறை எரிபொருள் எரியும்; இரண்டு ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் எரியும். வால்வு தூக்கும் கேம் இல்லை, கேமைச் சுழற்றும் செயின் இல்லை. சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளைப் பிஸ்டனே ஏறி இறங்கும்போது திறந்து மூடுகிறது. கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே ரீட் வால்வு என்னும் மெல்லிய தகடுகள், உள்ளே போன கலவை திரும்பி வராமல் தடுக்கின்றன. குறைந்த வேகத்திலும் வண்டி முக்காமல் இழுப்பதற்கு அந்தத் தகடுகள் ஒரு முக்கியக் காரணம். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்ற வேண்டியதில்லை. தனி டேங்கிலிருந்து 2டி ஆயிலை ஒரு சின்ன பம்ப், இன்ஜின் வேகத்துக்கும் ஆக்சிலரேட்டர் திறப்புக்கும் ஏற்ப அளந்து விடுகிறது. இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு, ஆறிக் கிடக்கும் வண்டியை ஒருவர் கிக்கர் உதைத்து எழுப்பும்போது பக்கத்தில் நின்று கேளுங்கள். முதலில் சிணுங்கலும் வெண்புகையும் வரும். சூடேறியதும் புகை மெலிந்து, ஐட்லிங்கில் ஒரு சீரான விட்டுவிட்டு ஒலிக்கும் தாளம் பிடிக்கும். ஆக்சிலரேட்டரை மெல்லத் திருகினால் அந்தத் தாளம் இறுகிக்கொண்டே போய் ஓரிடத்தில் ஒரே கம்பியாக நீண்டுவிடும். அங்கேதான் வண்டி முன்னே பாயும். அந்த மாற்றம் எங்கே நிகழ்கிறது என்று காது கண்டுபிடித்துவிட்டால் ஆர்எக்ஸின் பாதி ரகசியம் கைக்கு வந்தது.

மீதிப் பாதி சைலன்சரில் இருக்கிறது. அதிகம் பாழாக்கப்படுவதும் அதுதான். இரண்டு ஸ்ட்ரோக்கில் எரிந்த புகை வெளியேறும் அதே வேளையில் புதுக் கலவை உள்ளே வருவதால், அதில் கொஞ்சம் எரியாமலே புகையோடு நழுவிவிடும். கிணற்றுக்குள் கொடுத்த குரல் திரும்பி வருவதுபோல, வெளியே பாயும் அழுத்த அலை சைலன்சருக்குள் இருக்கும் கூம்பில் மோதித் திரும்பி வந்து, நழுவிய கலவையைச் சிலிண்டருக்குள் மறுபடி தள்ளுகிறது. குழாயின் நீளம், கூம்பின் சரிவு, கடைசித் துளையின் அகலம் மூன்றும் அந்த அலை சரியான கணத்தில் வந்து சேரும்படி அளந்து வைத்தவை. உள்ளே உள்ள தடுப்புக் குழாயை உருவிவிட்டு, அல்லது சைலன்சரையே வெட்டிவிட்டு, ‘இப்பத்தானுங்க வண்டி பேசுது’ என்று சொல்பவருக்குக் கிடைப்பது சத்தம் மட்டும்தான். அலை வரும் கணம் தவறுவதால் இழுவை குறைகிறது, பெட்ரோல் கூடுதலாகப் போகிறது, தெருவில் தூங்கும் குழந்தை எழுந்துகொள்கிறது. அலறும் ஆர்எக்ஸைப் பார்த்தால் எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. ஒழுங்கான சைலன்சரோடு போகும் வண்டியின் ஒலி மெல்லியது, கூர்மையானது. அதில் இன்ஜினின் நலத்தைக் கேட்க முடியும். தேய்ந்த பிஸ்டன் சிலிண்டரில் தட்டும் ஓசையை அலறலுக்குள் யாரும் கேட்க முடியாது.

இதெல்லாம் இளமையைத் திரும்பக் கேட்கும் மனசு கட்டும் கதை, இன்றைய 125 சிசி வண்டி எல்லா வகையிலும் மேல் என்று ஒருவர் மறுக்கலாம். மைலேஜ், பிரேக், விளக்கு, புகை என்று எதை எடுத்தாலும் அவர் சொல்வது சரி. ஆனால் இன்று ஆர்எக்ஸைத் தேடி அலைபவர்களில் பலர் அந்த வண்டி நின்றுபோன பிறகு பிறந்த பிள்ளைகள். அவர்களுக்குத் திரும்பிப் போக ஓர் இளமை அந்த வண்டியில் இல்லை. அவர்களை இழுப்பது வேறொன்று. இன்றைய வண்டியில் கைக்கும் இன்ஜினுக்கும் நடுவே சென்சாரும் கணினியும் இருந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிடுகின்றன. ஆர்எக்ஸில் கார்புரேட்டர் ஸ்குரூ ஒன்றை அரைச் சுற்று திருப்பினால் அதன் விளைவு அடுத்த நொடியே காதில் விழுகிறது. காரணமும் காரியமும் இவ்வளவு பக்கத்தில் இருக்கும் இயந்திரங்கள் இப்போது குறைவு.

புகை பற்றிய மறுப்பு இதைவிடக் கனமானது. அதை நான் முழுதாக ஏற்கிறேன். எரியாத பெட்ரோலும் ஆயிலும் காற்றில் கலப்பது இந்த இன்ஜினின் பிறவிக் குணம். 1996-லும் 2000-லும் புகை விதிகள் இறுகியது நியாயமானது. இரண்டு ஸ்ட்ரோக் திரும்பி வர வேண்டும் என்று கேட்பது தவறு. பாதுகாத்து வைத்த ஒரு வண்டியை ஞாயிற்றுக்கிழமை காலையில் சிறிது தூரம் ஓட்டுவது வேறு, தினமும் ஊருக்குள் ஓட்டுவது வேறு. பிரேக்கிலும் இதே நேர்மை வேண்டும். முன்னும் பின்னும் டிரம் பிரேக்தான்; 2019-லிருந்து புதிய வண்டிகளுக்குக் கட்டாயமான ஏபிஎஸ், சிபிஎஸ் எதுவும் இதில் கிடையாது. புளியம்பட்டி வரை நேர்ச்சாலையில் தெரியாத குறை, பண்ணாரிக்கு மேலே திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது தெரியும். இரண்டு ஸ்ட்ரோக்கில் இன்ஜின் பிரேக்கிங் பலவீனம். அதோடு, ஆக்சிலரேட்டரை முழுதும் மூடி இறங்கும்போது இன்ஜின் வேகமாகச் சுற்றும், ஆனால் ஆயில் பம்ப் குறைவாகவே விடும். பிஸ்டன் இறுகிப் பிடிக்கும் ஆபத்து உண்டு. அதனால் தெரிந்தவர்கள் இறக்கத்தில் அவ்வப்போது லேசாக முறுக்கிவிட்டுக்கொண்டே வருவார்கள். வேகத்தைச் சோதித்துப் பார்க்க ஆசையிருந்தால் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. சத்தி ரோடு அதற்கான இடமில்லை.

வாங்க நினைப்பவர்களுக்குக் கோவை வட்டாரத்தில் ஒரு வசதி உண்டு. மில்களுக்கும் மோட்டார் பம்புகளுக்கும் வேலை செய்து பழகிய லேத் பட்டறைகள் இங்கே நிறைய. சிலிண்டரைப் போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவதும், கிராங்க்கைப் பிரித்துக் கனெக்டிங் ராடு மாற்றிச் சமன் பார்த்துப் பூட்டுவதும் இங்கே அரிய வித்தைகள் இல்லை. அதனால் ஓடாத வண்டியைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது பளபளக்கும் வண்டியைக் கண்டு. ‘எல்லாம் ஒரிஜினலுங்க’ என்று சொல்பவரிடம் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டு, சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஒத்துப்போகின்றனவா, எண்கள் ராவி மறுபடி அடித்தவையா என்று பாருங்கள். பதினைந்து வருஷப் பதிவு முடிந்தபின் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்திருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். மங்கிய பெயின்டும் பழைய கார்புரேட்டரும் அசல் சைலன்சரும் உள்ள வண்டி, புதுப் பெயின்டும் மாற்று உதிரிகளும் கொண்ட வண்டியைவிட மதிப்பானது.

வாங்க முடியாதவர்களும் ரசிக்கலாம். ஜி.டி. நாயுடு குடும்பத்தார் சேர்த்த பழைய கார்கள் 2015-லிருந்து அவிநாசி ரோட்டு அருங்காட்சியகத்தில் பொதுமக்களின் பார்வைக்கு இருக்கின்றன. ஒரு வண்டியை மாற்றாமல் காப்பது என்றால் என்ன என்று அங்கே போனால் கண்ணால் பார்க்கலாம். இருசக்கர வண்டிக்கும் அப்படிக் காக்கப்படும் காலம் வருகிறது. 2021-ல் வந்த மத்திய அரசின் விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டி, அசல் வடிவம் மாறாமல் இருக்கும் சொந்த உபயோக வண்டிகளை ‘விஏ’ என்ற தனி எண் வரிசையில் வின்டேஜ் வண்டியாகப் பதியலாம். முதல் ஆர்எக்ஸ்கள் 2035-ல் அந்த வயதை எட்டும். சேசிஸையும் இன்ஜினையும் வெட்டி மாற்றிய வண்டி அந்தத் தகுதியைக் கேட்டு நிற்க முடியாது. உங்கள் வீட்டுக் கொட்டகையில் ஒன்று நின்றால், எதையும் கழற்றி எறியாதீர்கள். மாற்றித்தான் ஆகவேண்டிய பாகமானாலும், பழையதைத் துடைத்து எண்ணெய் தடவி ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள்.