கடனில் தொலைந்த பெயர்கள்

வளரிளம் பருவத்துப் பிள்ளைகள் விரும்பிப் படிக்கும், விரும்பிப் பார்க்கும் கதைகளுள் ஜப்பானியச் சித்திரக்கதைகளுக்கு இன்று தனி இடம் உண்டு. பெற்றோராகிய நாம் அவற்றைப் பெரும்பாலும் இரண்டு வகையில் எதிர்கொள்கிறோம். ஒன்று, பார்க்காமலே கண்டிக்கிறோம். மற்றொன்று, பார்க்காமலே விட்டுவிடுகிறோம். இரண்டுமே நேர்மையான வழிகள் அல்ல. ஒரு படைப்பு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பொறுமையோடு ஆராய்ந்த பிறகே அதைக் கொள்ளவோ தள்ளவோ நமக்கு உரிமை பிறக்கிறது. அவ்வாறு ஆராயத் தகுந்த ஒன்று 'ககேகுருயி'.

'சூதாட்ட வெறி' என்று பொருள்படும் இப்பெயரில், ஹொமுரா கவமோட்டோ எழுத, தோரு நவோமுரா வரைய, ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனத்தின் 'கங்கான் ஜோக்கர்' மாத இதழில் 2014ஆம் ஆண்டு இத்தொடர் தொடங்கியது. 2017இல் மாப்பா நிறுவனம் இதனை அசைவுச் சித்திரத் தொடராக்கியது. 2018இல் நடிகர்கள் நடித்த தொலைக்காட்சித் தொடராகவும், பின்னர்த் திரைப்படமாகவும் வந்தது. 2025இல் கனடாவில் 'பெட்' என்ற ஆங்கிலத் தொடராகவும் மறுபிறவி எடுத்தது. இத்தனை வடிவங்களில் உலகைச் சுற்றிவரும் கதை, செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் ஒரு பள்ளியில் மாணவர்கள் ஒருவரோடொருவர் பெரும்பணம் வைத்துச் சூதாடும் கதை என்பதே நம்மை நின்று சிந்திக்க வைக்கிறது.

பள்ளியா, சந்தையா?

ஹ்யாக்காவோ தனியார் பள்ளியில் அரசியல்வாதிகளின் பிள்ளைகளும் தொழிலதிபர்களின் பிள்ளைகளும் பயில்கின்றனர். அங்கே மாணவரின் தகுதியைக் கல்வி தீர்மானிப்பதில்லை. சூதில் வெல்லும் திறமை தீர்மானிக்கிறது. மாணவர் பேரவைக்கு ஒவ்வொருவரும் காணிக்கை செலுத்த வேண்டும். செலுத்திய தொகையில் கடைசி நூறு இடங்களில் உள்ளோர் 'வளர்ப்பு விலங்குகள்' ஆகிவிடுகின்றனர். ஆண்பிள்ளைக்குப் 'போச்சி' என்று பெயர். பெண்பிள்ளைக்கு 'மீக்கே' என்று பெயர். முன்னது ஜப்பானில் நாய்க்கு இடும் பெயர். பின்னது பூனைக்கு இடும் பெயர். அன்றுமுதல் அவர்களை ஏவலாம், இழிவுபடுத்தலாம், கேட்பாரில்லை. கடன் தீராவிடில், யாரை மணப்பது என்பதுவரை எழுதப்பட்ட 'வாழ்க்கைத் திட்டம்' ஒன்றைப் பேரவை அவர்கள் கையில் கொடுத்துவிடுகிறது.

இது கற்பனை என்பதில் ஐயமில்லை. ஜப்பானியக் குற்றவியல் சட்டம் சூதாட்டத்தைக் குற்றமென்றே கொள்கிறது. குதிரைப் பந்தயம் போன்ற, சட்டம் அனுமதித்த பந்தயங்களிலும் இருபது வயது நிரம்பாதோர் பணம் கட்ட இயலாது. 2022இல் வயதுவந்தோர் என்பதற்கான எல்லையைப் பதினெட்டாகக் குறைத்தபோதும், இந்த ஒன்றில் அந்நாடு இருபதையே நிலைநிறுத்தியது. எனவே கதாசிரியர் காட்டுவது நாட்டில் நடக்கும் ஒன்றன்று. மதிப்பெண், குலம், செல்வம் என்னும் அளவுகோல்களால் மாணவரைத் தரம்பிரிக்கும் உயர்குடிப் பள்ளி ஒன்று, தன் உள்ளக்கிடக்கையை ஒளிவுமறைவின்றிச் சட்டமாக்கினால் எப்படியிருக்கும் என்பதே அவர் காட்டுவது. சூதாட்டம் இங்கே உருவகம், தரவரிசையே பொருள்.

ஆபத்தை ஏற்பவர் யார்?

இப்பள்ளிக்கு ஜபாமி யூமேகோ என்னும் மாணவி புதிதாக வருகிறாள். பணிவும் இன்சொல்லும் உடையவள். ஆனால், பந்தயம் பெரிதாகப் பெரிதாக அவள் கண்கள் சிவக்கின்றன, முகம் பரவசத்தில் உருமாறுகிறது. முதல் நாளே வகுப்பில் செல்வாக்குப் பெற்ற சவோத்தோமே மேரி என்பவளோடு கல்-காகிதம்-கத்தரி விளையாட்டை ஒட்டிய ஓர் ஆட்டம் ஆடுகிறாள். மேரி வகுப்பிலுள்ள கூட்டாளிகளின் உதவியோடு ஏமாற்றுகிறாள். யூமேகோ அந்தச் சூழ்ச்சியைக் கண்டறிந்து வெல்கிறாள். அடுத்து எதிர்ப்படும் மாணவி, பந்தயப் பொருளாக விரல் நகங்களையே கேட்பவள். அவள் கொண்டுவரும் சீட்டுக்கட்டிலேயே வஞ்சனை இருக்கிறது. அடுத்து வருவோர் பலரும் அத்தகையோரே.

இங்கேதான் கதாசிரியரின் கூர்மையான பார்வை வெளிப்படுகிறது. அதிகாரத்தில் இருப்போர் பலர் உண்மையில் சூதாடுவதே இல்லை. வெற்றியை முன்கூட்டியே உறுதிசெய்துகொண்டு மேசைக்கு வருகின்றனர். ஆபத்து முழுவதும் எதிரில் இருப்பவருடையது. 'விதியின் கையில் எல்லாம்' என்று சொல்லிக்கொள்ளும் ஓர் அமைப்பில், விதியின் கைகளை முன்னரே கட்டிவைத்திருப்போரே மேலே இருக்கின்றனர். 'திறமைக்கே முதலிடம்' என்று முழங்கும் நிறுவனங்களை நெருங்கிப் பார்த்தவர்களுக்கு இவ்வுண்மை புதிதன்று. இதைப் பதினேழு வயது வாசகனுக்கும் விளங்கும்படி, விறுவிறுப்புக் குன்றாமல் சொல்லியிருப்பது இப்படைப்பின் வெற்றி.

ஆயினும், யூமேகோவை விடுதலை வீராங்கனையாகக் கொள்ள நமக்கு மனம் வரவில்லை. மேரியிடம் ஐம்பது லட்சம் யென் கடன்பட்டுப் 'போச்சி'யாகக் கிடந்த சுசுயி ரியோத்தா என்னும் மாணவனின் கடனை அடைக்க அவள் பணம் கொடுக்கிறாள் என்பது உண்மையே. அக்காட்சி நெஞ்சைத் தொடுகிறது. ஆனால், அவளுக்குப் பணம் ஒரு பொருட்டன்று. ஆட்டம் தரும் கிளர்ச்சியே பொருட்டு. கொடுப்பவருக்கு எதுவும் குறையாத கொடையில் கருணையைவிட அலட்சியமே மிகுதி. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (1992) வாய்ப்பு விளையாட்டுகளைத் தம்மளவில் நீதிக்கு முரணானவை என்று கூறவில்லை. ஒருவர் தமக்கும் பிறர்க்கும் தேவையானதை இழக்கச் செய்யும்போது அவை ஏற்கத்தகாதவை ஆகின்றன என்றும், சூதின்மீது கொள்ளும் வேட்கை மனிதரை அடிமைப்படுத்தும் ஆபத்து உடையது என்றும் நிதானமாகக் கூறுகிறது. அந்த அடிமைத்தனத்தை இக்கதை அழகாக்கிவிடுகிறது. பரவசத்தைப் பாலுணர்வின் சாயலில் வரைவதும் அந்த அழகூட்டலின் ஒரு பகுதியே. பதின்பருவப் பிள்ளைகளுக்கு இது ஏற்றதன்று என்று தயங்காமல் சொல்வோம்.

மேரியின் கதை

அப்படியானால் இப்படைப்பில் நாம் கைக்கொள்ள ஒன்றுமில்லையா? உண்டு. ஆனால் அது யூமேகோவிடம் இல்லை, மேரியிடம் இருக்கிறது. இத்தொடரின் உண்மையான நாயகி அவளே என்பது நம் துணிபு.

2015இல் இதன் கிளைக்கதையாக, கெய் சைக்கியின் ஓவியங்களோடு 'ககேகுருயி இரட்டை' என்னும் தொடர் தொடங்கியது. அதன் அசைவுச் சித்திர வடிவம் 2022இல் வெளிவந்தது. முதற்கதைக்கு ஓராண்டு முந்திய நிகழ்ச்சிகளை அது சொல்கிறது. எளிய குடும்பத்துப் பெண்ணான மேரி, தேர்ச்சி பெற்று அப்பள்ளிக்குள் நுழைகிறாள். அங்கே தன் சிறுவயதுத் தோழி ட்சுசுராவைக் காண்கிறாள். தோழி இப்போது 'மீக்கே'. தோழிக்கு நேர்ந்த இழிவைக் கண்டு கொதிக்கும் மேரி, அவளோடு கைகோத்து அப்பள்ளியின் ஆட்டத்தில் இறங்குகிறாள்.

இனி முதற்கதையைத் திரும்பப் படித்துப் பாருங்கள். ஓராண்டு கழித்து, அதே மேரிதான் ரியோத்தாவைப் 'போச்சி' என்று அழைத்து ஏவல்கொள்கிறாள். தோழி விலங்காக்கப்பட்டதைக் கண்டு துடித்த கை, மற்றொருவன் கழுத்துக்கான கயிற்றைப் பிடித்திருக்கிறது! கொடியவளாய்ப் பிறந்து வந்தவள் அல்லள் அவள். நன்றாகப் படித்து, நல்ல பள்ளியில் இடம்பெற்று, அங்கே மேலே ஏறுவதற்கான விதிகளைக் கற்றுக்கொண்டவள்; அவ்வளவே. ஒரு நிறுவனம் ஒரு பிள்ளையின் உள்ளத்தை எவ்வளவு விரைவில் தன் வடிவுக்கு மாற்றிவிடும் என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று இத்தொடரில் வேறில்லை. பிள்ளையைச் 'சிறந்த' பள்ளியில் சேர்க்கப் பாடுபடும் பெற்றோர், அங்கே அவன் எத்தனையாவது இடம் பெறுவான் என்று கேட்கின்றனர். கடைசி இடத்தில் இருக்கும் மாணவனை அவன் எப்பெயரிட்டு அழைக்கக் கற்பான் என்று கேட்பவர் எத்தனை பேர்?

யூமேகோவிடம் தோற்றபின் மேரியே 'மீக்கே' ஆகிறாள். நேற்றுவரை அவளைச் சூழ்ந்திருந்தோர் இன்று ஏளனம் செய்கின்றனர். 'வாழ்க்கைத் திட்டம்' அவள் கைக்கு வருகிறது. கடன் தீர்க்கும் பேரவைக் கூட்டத்தில், ஒருவர் சீட்டை மற்றவர் பார்த்து ஆடும் போக்கர் ஆட்டத்தில் யூமேகோவோடு இணைந்து ஆடி அவள் மீள்கிறாள். பின்னர்ப் பேரவைத் தலைவி மொமோபாமி கிராரி, மேரியின் ஆற்றலைக் கண்டு, பேரவையிலேயே ஓர் இடம் தர முன்வருகிறாள். மேரி மறுத்துவிடுகிறாள்.

இம்மறுப்பே இக்கதையின் மணிமகுடம். மகாபாரதத்தில் தருமன் தம்பியரையும், தன்னையும், இறுதியில் பாஞ்சாலியையும் பணயம் வைத்துத் தோற்கிறான். தன்னையே இழந்தவனுக்கு மற்றொருவரைப் பணயம் வைக்க உரிமை ஏது என்று பாஞ்சாலி எழுப்பிய வினா அவையை வாயடைக்கச் செய்தது. அங்கே பேரழிவாக ஒருமுறை நிகழ்ந்தது, ஹ்யாக்காவோவில் அன்றாட விதிமுறை. அந்த வினாவை அங்கே யாரும் வாய்விட்டு எழுப்பவில்லை. மேரியின் மறுப்பே அவ்வினாவாகிறது. மேலே ஏறும் படி காலடிக்கு வந்தபோது, கீழே கிடந்த நாள்களை அவள் மறக்கவில்லை.

பாதியில் நின்ற பயணம்

வருந்தத்தக்க செய்தி, கதாசிரியர் இவ்வுச்சியில் நிலைத்து நிற்கவில்லை என்பதே. 2019இல் வந்த இரண்டாம் பருவத்தில் தலைமைத் தேர்தல் வருகிறது. வாக்குகள் சூதாட்ட வில்லைகளாகின்றன; மொமோபாமி குலத்தார் ஒருவர்பின் ஒருவராய் வந்து மோதுகின்றனர். ஆட்டங்களின் நுட்பம் கூடுகிறது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க நின்ற பிள்ளைகளோ பின்னணிக்குத் தள்ளப்படுகின்றனர். யார் ஆள்வது என்ற வினா, ஆளப்படுவோர் படும் பாட்டை விழுங்கிவிடுகிறது. 2025இன் கனேடியத் தொடரோ யூமேகோவுக்குப் பெற்றோரின் சாவுக்குப் பழிவாங்கும் நோக்கத்தைக் கற்பித்துக் கதையை இன்னும் சுருக்கிவிடுகிறது. பழிவாங்கும் கதையில் குற்றவாளி சிலரே, அமைப்பு தப்பிவிடுகிறது.

ஆனால், அத்தொடரில் நம் கண்ணை உறுத்தும் ஒன்று உண்டு. அங்கே பள்ளிக்குப் புனித தோமினிக்கின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. நாம் சாமிநாதர் என்று அழைக்கும் அப்புனிதர் பலென்சியா நகரில் மாணவராக இருந்தபோது பஞ்சம் வந்தது. தம் கைப்படக் குறிப்பெழுதிய தோல்நூல்களை விற்றுப் பசித்தோர்க்கு உணவளித்தார் என்றும், சிறைப்பட்டோரை மீட்கத் தம்மையே அடிமையாக விற்க முன்வந்தார் என்றும் அவர்தம் வரலாறு கூறும். பிறரை விலைக்கு வாங்கும் மாணவர் கூடத்தின் வாயிலில், பிறருக்காகத் தம்மை விற்கத் துணிந்த மாணவரின் பெயர்! தொடரை ஆக்கியோர் இதை எண்ணிச் செய்தனரோ, எண்ணாமல் செய்தனரோ. நமக்கு இம்முரண் ஒரு பாடம். மதிப்புள்ளதைக் கொடுத்து மனிதரை மீட்பது கொடை. மனிதரைக் கொடுத்து மதிப்பைப் பெறுவது சூது.

ஆண்டவர் கற்பித்த செபத்தில், நாம் 'குற்றங்கள்' என்று சொல்லுமிடத்தில் மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலம் 'கடன்கள்' என்னும் சொல்லையே ஆள்கிறது. லேவியர் நூல் வகுத்த யூபிலி ஆண்டில், வறுமையால் தம்மை விற்றுக்கொண்டவர் விடுதலை பெற்றுத் தம் குடும்பத்தாரிடம் திரும்பினார். கடன் ஒரு மனிதரின் பெயரைத் தின்றுவிடக் கூடாது என்பதில் விவிலியம் அவ்வளவு விழிப்பாயிருக்கிறது.

'ககேகுருயி'யை நம் பிள்ளைகள் பார்த்திருப்பின், கடிந்துகொள்வதைவிட ஒரு வினாவை அவர்கள்முன் வைப்பதே பயன்தரும்: உன் வகுப்பில் யார் 'போச்சி'? யார் 'மீக்கே'? அவர்களின் உண்மையான பெயர் உனக்குத் தெரியுமா?

அவ்வினாவுக்கு விடை சொல்லப் பிள்ளை தயங்குமாயின், அத்தயக்கத்தில் நம் பங்கு எவ்வளவு என்பதையும் நாம் எண்ணிப் பார்ப்பது நன்று.