ஒப்பமிடாத பங்காளிகள்

1987இல் அகத்தியமலைக் காடுகளுக்கு ஆய்வுக்குப் போன அறிவியலாளர்களுக்குக் காணிப் பழங்குடியினர் வழிகாட்டினர். மலையேற்றத்தில் ஆய்வாளர்கள் களைத்துப்போக, காணிகள் ஒரு செடியின் காய்களை மென்றபடி சோர்வின்றி நடந்தனர். ஆரோக்கியப்பச்சை என்னும் அச்செடியைப் பற்றி வெளியாரிடம் பேச அவர்கள் முதலில் தயங்கினர், பிறகு அதைக் காட்டினர். கேரளத்தின் பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையம் அதன் இலையுடன் வேறு மூன்று மூலிகைகளைச் சேர்த்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. 1995இல் கோவையின் ஆரிய வைத்திய பார்மசி, 10 லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 விழுக்காட்டுக்கும் அதன் உற்பத்தி உரிமையைப் பெற்றது. இரண்டிலும் சரிபாதியைக் காணிகளுக்கு அளிக்க நிலையம் முடிவெடுத்தது.

இந்த முடிவின் பெருமையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. மரபணு வளத்தின் பயனை நியாயமாகப் பகிர வேண்டும் என்று 1992இன் ரியோ பல்லுயிர் உடன்படிக்கை சொல்லியிருந்தது. ஆனால் அதைச் செயலாக்கும் இந்தியச் சட்டம் 2002இல்தான் வந்தது. சட்டம் வற்புறுத்தாத காலத்திலேயே ஓர் அரசு நிலையம், ஏட்டில் ஏறாத அறிவுக்கும் விலையுண்டு என்று ஏற்றது. 1997இல் காணிகளுக்கான அறக்கட்டளை உருவானது; 1999இல் ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேல் அதன் கைக்கு வந்தது. உலக அரங்குகளில் ஜீவனி முன்மாதிரியாகப் பேசப்பட்டதற்குக் காரணம் இதுவே.

குறை, பங்கின் அளவில் இல்லை. பங்கை முடிவு செய்த முறையில் இருக்கிறது. உரிம ஒப்பந்தத்தில் இருந்தவை நிலையமும் நிறுவனமும் மட்டுமே. அறிவைத் தந்தவர்கள் ஒப்பமிடவில்லை. அறக்கட்டளையே உரிமம் கைமாறி ஈராண்டு கழித்துத்தான் பிறந்தது. காணிகளின் மருத்துவர்களான பிலாத்திகள் ஒன்பது பேர், தங்கள் அறிவைத் தனியாருக்கு விற்பதை எதிர்த்து 1995இலேயே கேரள முதலமைச்சருக்கு எழுதினர். வழிகாட்டிய சிலரின் சொல்லைச் சமூகம் முழுவதன் சம்மதமாகக் கொள்ள முடியுமா என்ற கேள்விக்கு அந்த ஏற்பாட்டில் விடை இல்லை. மலையின் தமிழகப் பக்கம், நெல்லையிலும் குமரியிலும் வாழும் காணிகளோ கேரள அறக்கட்டளையின் வரம்புக்கு வெளியே நின்றனர்.

அடுத்த முட்டுக்கட்டை காடு. ஆரோக்கியப்பச்சையைப் பயிரிட்டு இலை விற்கக் காணிகள் முயன்றபோது வனத்துறை தடுத்தது. இலை வரத்து குறைய, உற்பத்தியும் குறைந்தது. விற்பனையைச் சார்ந்த பங்கும் சுருங்கியது. செடியின் மீது உரிமை இல்லாதவருக்கு விழுக்காடு எழுதித் தந்து என்ன பயன்?

ரியோ உடன்படிக்கையின் கீழ் 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறை, பழங்குடியினரின் முன்சம்மதத்தை வலியுறுத்துகிறது. ஆனால் நம் நாட்டின் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2023இல் செய்த திருத்தம், நூல்களில் பதிவான மரபறிவைப் பயன்படுத்துவோருக்குப் பயன்பகிர்விலிருந்து விலக்களித்தது. சுவடிகளில் ஏறிய மருத்துவமும் ஒரு காலத்தில் யாரோ காட்டில் கண்டறிந்ததுதான். பதிவானதும் பகிர்வுக் கடமை மறையும் என்றால், பதிவு செய்ய அழைக்கும் ஆய்வாளரைப் பழங்குடியினர் ஏன் நம்ப வேண்டும்?

எல்லோரிடமும் சம்மதம் கேட்டால் ஆராய்ச்சி முடங்கும் என்பார்கள். கேட்பதற்கான இடம் ஏற்கெனவே இருக்கிறது. 2006இன் வன உரிமைச் சட்டம், பல்லுயிர் சார்ந்த மரபறிவின் மீது சமூகத்துக்கு உள்ள உரிமையை ஏற்கிறது. கிராம சபைக்கும் அதிகாரம் தருகிறது. மாதிரி சேகரிக்கும் முன் அந்தச் சபையில் பேசி, அதையே ஒப்பந்தத்தின் ஒரு தரப்பாக்கி, செடியை வளர்க்கவும் விற்கவும் உள்ள உரிமையை அந்த ஒப்பந்தத்திலேயே உறுதிசெய்ய வேண்டும். வேண்டாம் என்று சபை மறுத்தால் ஆய்வு அங்கேயே நிற்க வேண்டும். மறுக்கும் உரிமை இல்லாதவருக்குத் தரும் தொகை, எவ்வளவு பெரிதானாலும் கொடைதான், பங்கு ஆகாது.