சி.வி.யின் மார்த்தாண்டவர்மாவும் நம்ம பக்கத்துத் தம்பிமார் கதையும்

நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் நிற்கும் அம்மச்சிப் பிலாவைப் பார்க்காத தமிழர் நம்மில் குறைவு. மரம் பட்டுப்போய் எத்தனையோ காலம் ஆயிற்று, ஆனாலும் வேலி கட்டிக் காப்பாற்றி வருகிறார்கள். எதிரிகள் துரத்தியபோது இளவரசர் மார்த்தாண்டவர்மா அந்தப் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது ஐதீகம். துரத்தியது யார்? அன்னியர் இல்லை. அவருடைய தாய்மாமனின் பிள்ளைகளான தம்பிமாரும், எட்டுவீட்டுப் பிள்ளைமாரும்தான். களியக்காவிளை தாண்டிக் கிழக்கே போனாலோ வில்லுப்பாட்டில் கதை தலைகீழாகிவிடுகிறது. அங்கே பரிதாபத்துக்குரியவர்கள் தம்பிமார், வாள் எடுத்தவர் மார்த்தாண்டவர்மா. பொழியூர், பாறசாலைப் பக்கம் குடியிருக்கும் நமக்கு இரண்டு கதையும் காதில் விழுகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் வழக்கு என்ன என்று தெரிய வேண்டும். வேணாட்டரசர் ராமவர்மா 1729இல் காலமானார். அரச குடும்பத்தில் மருமக்கதாயம். பட்டம் மகனுக்கு இல்லை, சகோதரி மகனுக்கு. அதன்படி மார்த்தாண்டவர்மா வந்தார். ராமவர்மாவின் மக்கள் பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் அப்பன் சொத்து பிள்ளைக்கு என்றார்கள். கிழக்கே இருந்த பல சாதியாருக்கு அதுதான் இயல்பான நியாயம். ஆக இது நல்லவன் கெட்டவன் சண்டை இல்லை, இரண்டு தாய வழக்கங்களின் சண்டை. இதோடு கோயில் வழக்கும் சேர்ந்துகொண்டது. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலை நிர்வகித்தது எட்டரை யோகம். எட்டு உறுப்பினருக்கு ஆளுக்கொரு ஓட்டு, அரசனுக்கு அரை ஓட்டு! கோயில் நிலத்தில் வரிவசூல் பிள்ளைமார் கையில். கல்லாப்பெட்டிச் சாவி யாரிடமோ அவரே முதலாளி என்பது கடைக்காரனான எனக்குப் புரிகிற கணக்கு. மார்த்தாண்டவர்மா அந்தச் சாவியைப் பிடுங்கினார். தேய்ந்து கிடந்த அரச அதிகாரத்தை மீண்டும் நிலைநிறுத்தினார் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வது இதைத்தான்.

இனி நாவலுக்கு வருவோம். சி.வி. ராமன்பிள்ளையின் மார்த்தாண்டவர்மா வெளிவந்தது 1891இல். மலையாளத்தின் முதல் சரித்திர நாவல் அதுவே. ஆசிரியரின் தந்தை வழி நெய்யாற்றின்கரைக்கு அருகிலுள்ள ஆறயூர், அதாவது நம்ம வட்டாரம். ஸ்காட்டின் ஐவன்ஹோ சாயல் இதில் உண்டு என்பதைப் பலரும் எழுதியாயிற்று. நான் சொல்ல வருவது வேறு. இதற்கு இன்னும் நெருங்கிய ஒப்புமை 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இருக்கிறது.

அங்கே 1649இல் அரசன் தலையை வெட்டினார்கள். 1660இல் அவன் மகன் இரண்டாம் சார்லஸைத் திரும்ப அழைத்து அரசனாக்கினார்கள். அவனுக்கு மனைவி வழியில் பிள்ளை இல்லை. முறைப்படி வாரிசு தம்பி ஜேம்ஸ், அவனோ கத்தோலிக்கன். பிராட்டஸ்டண்டுகளில் ஒரு சாரார், மணவுறவுக்கு வெளியே பிறந்த மகன் மான்மத்தைக் கொண்டுவரப் பார்த்தார்கள். 1679 முதல் 1681 வரை ஜேம்ஸை விலக்கச் சட்டம் செய்யப் பாராளுமன்றத்தில் பெரும் போராட்டம். அந்த நேரத்தில், 1681இல், கவிஞர் ட்ரைடன் பைபிளிலுள்ள தாவீது ராஜா, அப்சலோம் கதையைப் போர்வையாக்கி அரசன் பக்கம் நின்று ஒரு அங்கதக் காவியம் எழுதினார். 1685இல் மான்மத் கலகம் செய்து தலை இழந்தான். ஜேம்ஸும் நிலைக்கவில்லை, 1688இல் பிரான்சுக்கு ஓடினான். சிங்காசனம் ஏறியது அவன் மருமகன் வில்லியம். அவன் மகளின் கணவன், சகோதரி மகனும்கூட. நம்ம ஊர்ச் சொல்லில் இரண்டு வகையிலும் மருமகன்!

பட்டம் கேட்கும் மகன், அவனைத் தூண்டிவிடும் பிரபுக்கள், அரசன் பக்கம் நின்று எழுதும் எழுத்தாளர் என்று மூன்றும் இரண்டு இடத்திலும் இருக்கின்றன. ஆனால் ட்ரைடன் அந்த மகனை வெறுக்கவில்லை. அழகன், அன்பானவன், கெட்டவர் பேச்சில் மயங்கினவன் என்றே காட்டுகிறார். அரசனுக்கே மகன் மேல் பாசம் இருந்தபடியால் கவிஞர் கையும் மெதுவாகத்தான் விழுகிறது. சி.வி.யின் பத்மநாபன் தம்பிக்கு அந்தச் சலுகை கிடையாது. நாவலில் அவன் காமாந்தகன், பாருக்குட்டியை அடையத் துடிப்பவன். இந்தக் குணத்தை ஒட்டிவிட்டதால் அவன் கேட்கும் உரிமை நியாயமா என்று வாசகன் யோசிக்கவே இடமில்லை. பிள்ளைமாரும் அப்படியே. இராத்திரியில் குடமண் பிள்ளை வீட்டில் கூடிச் சதி செய்பவர்களாக வருகிறார்கள், கோயில் அதிகாரம் போகப்போகிற கவலை பின்னால் போய்விடுகிறது. ஒரு அரசியல் வழக்கைக் குணக்கேட்டின் கதையாகச் சுருக்கியதுதான் இந்நாவலின் பெரிய குறை என்பது என் துணிபு.

இன்னொன்றும் தமிழர் கவனிக்கத் தக்கது. தம்பிக்கு ஓதிக்கொடுக்கும் சுந்தரய்யன் மதுரைத் தொடர்புள்ளவன். நாவல் வெளியான அதே 1891இல்தான் மலையாளி மெமோரியல் என்ற விண்ணப்பம் திருவிதாங்கூர் மகாராஜாவுக்குக் கொடுக்கப்பட்டது. அரசாங்க உத்தியோகமெல்லாம் பரதேசத் தமிழ்ப் பிராமணர் கைக்குப் போகிறது என்பது அதன் முறையீடு. அதற்கு உழைத்தவர்களில் சி.வி.யும் ஒருவர். முறையீட்டில் உண்மை இருந்தது, அதை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் 1729ஆம் ஆண்டுக் கதைக்குள் 1891ஆம் ஆண்டுக் கோபம் புகுந்திருக்கிறது என்று தெரிந்து படிக்க வேண்டும்.

நாவலை உயர்த்தி நிறுத்துவது சுபத்திரை. இளவரசரைத் திரும்பத் திரும்பக் காப்பாற்றுகிற அவளைக் கடைசியில் குடமண் பிள்ளை வெட்டுகிறான். அரசர் வந்து சேரும்போது காரியம் முடிந்துவிடுகிறது. வெற்றிக்கு ஒரு பெண் கொடுத்த விலையை மறைக்காமல் எழுதியதில் சி.வி. பெரிய கலைஞர்தான்.

தம்பிமார் கதை இந்த விலையிலிருந்தே தொடங்குகிறது. அதில் சண்டைக்குக் காரணம் பெண் கேட்டது. தம்பிமாரின் தங்கையை அரசர் கேட்கிறார். பிறக்கும் பிள்ளைக்குப் பட்டம் உண்டென்றால் தருகிறோம் என்கிறது பெண் வீடு. அரசர் மறுக்கிறார், பகை மூளுகிறது. தம்பிமாரின் முடிவு நாகர்கோவிலில். பாட்டு சொல்வது அத்தனையும் வரலாறு என்று நான் வாதாடவில்லை. ஆனால் வழக்கின் மையமான தாய உரிமையைப் பாமரப் பாடகர் நேராகப் பிடித்திருக்கிறார், பட்டதாரி நாவலாசிரியர் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

பிள்ளைமார் கொல்லப்பட்டார்கள், வீடுகள் இடிக்கப்பட்டுக் குளம் தோண்டப்பட்டது, பெண்கள் துறையேற்றப்பட்டார்கள், அதாவது கடற்கரை மீனவரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள் என்பது வழிவழிச் செய்தி. பொழியூரில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. உழைத்துச் சாப்பிடும் மீனவர் வீட்டு வாசலே ஒரு தண்டனையா? அந்தப் பெண்களுக்கு மட்டுமில்லை, கடற்கரைச் சனங்களுக்கும் செய்த அவமானம் அது.

அடுத்து 1750. மார்த்தாண்டவர்மா நாட்டையே பத்மநாபருக்கு எழுதிக்கொடுத்துப் பத்மநாபதாசர் ஆனார். திருப்படிதானம் என்பார்கள். பக்தி இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இனிமேல் அரசனை எதிர்ப்பது சாமியை எதிர்ப்பதாகிவிட்டது. இதே வேணாட்டு வம்சத்து அரசர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகர்கோவில் நாகராஜா கோயிலின் குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர் என்ற எங்கள் சமணப் பண்டிதர்களுக்குத் தானம் கொடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. அந்தத் தாராளம் எங்கே போனது? நட்டாலத்து நீலகண்ட பிள்ளை அரண்மனைச் சேவகர். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று ரோம் அவரைப் புனிதராக அறிவித்தது. அவர் குற்றம் மதமாற்றமா ராஜதுரோகமா என்று இன்றும் வாதம் நடக்கிறது. இரண்டையும் பிரிக்க முடியாத ராஜ்யமாக அது ஆகிக்கொண்டிருந்தது என்பதே என் பதில். அரசனின் மதமே நாட்டின் வழக்காகிப்போன இங்கிலாந்தின் 1688 இங்கேதான் நினைவுக்கு வருகிறது.

அங்கே அடுத்த ஆண்டே அரசனின் கையைக் கட்டிச் சட்டம் எழுதினார்கள். திருவிதாங்கூரில் அதற்கு வெகுகாலம் ஆயிற்று. பொறுப்பாட்சி கேட்டு எழுந்த போராட்டத்தில் 1938 ஆகஸ்ட் 31 அன்று பட்டாளம் துப்பாக்கிச்சூடு நடத்தியது இதே நெய்யாற்றின்கரையில். வீரராகவன் முதலானோர் உயிர் விட்டார்கள். அம்மச்சிப் பிலா நிற்கிற ஊர்தான் அதுவும். எட்டரை யோகத்தின் பழைய கேள்வியான, கோயில் நிர்வாகம் யாருக்கு என்பது, நிலவறைகள் 2011இல் திறக்கப்பட்டபோது திரும்ப எழுந்தது. 2020 ஜூலை 13 அன்று உச்ச நீதிமன்றம் அரச குடும்பத்தின் உரிமையை ஏற்று, நிர்வாகத்தைக் குழுவிடம் விட்டது. கல்லாப்பெட்டி வழக்கு முடிய ஏறக்குறைய முந்நூறு வருஷம்!

நாவலுக்குத் தமிழாக்கம் உண்டு. 1933இல் நாகர்கோவில் சுந்தர்ராஜ் ஊமைப்படமாகவும் எடுத்தார். பதிப்புரிமை வழக்கில் அது முடங்கியது தனிக்கதை. வில்லுப்பாட்டுக்கு இந்த யோகம் இல்லை. நாவலைப் பாடமாகப் படிக்கும் நம்ம பிள்ளைகளுக்குத் தம்பிமார் கதையையும் ஒரு சிறு புத்தகமாகப் போட்டு, அருஞ்சொல் விளக்கத்தோடு கையில் கொடுக்கச் சங்கம் முயல வேண்டும். காகிதச் செலவு என்னுடையது.