ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள்

திருவனந்தபுரத்தில் டெஸ்ட் டிரைவ் கேட்டால் கவடியார் பக்கம் கூட்டிப்போவதில் ஷோரூம்காரர்களுக்குத் தனி விருப்பம் உண்டு. அகலமான ரோடு, குழியில்லாத தார். அங்கே எந்தக் காரும் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் இந்த ஊரில் வாழ்கிறவர்களின் ரோடு வேறு. உள்ளூர், குறவன்கோணம், பேரூர்க்கடை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ஏற்றம், அதன் பாதியில் ஒரு நெரிசல், முன்னால் புகை விட்டபடி நிற்கும் கேஎஸ்ஆர்டிசி பஸ். எங்கள் வாடகை வீட்டுக்கு வர மெயின் ரோட்டிலிருந்து ஒரு சந்தில் ஏற வேண்டும். சந்து முடிகிற இடத்தில் ஓடை மேல் போட்ட சிலாப், அதைத் தாண்டி கேட். எங்கள் முதல் காரை அந்தச் சிலாப்பை வைத்துத்தான் தேர்ந்தெடுத்தோம்.

கல்யாணமான புதிதில் நாகர்கோவிலிலிருந்து இங்கே குடிவந்தோம். நான் கழக்கூட்டம் டெக்னோபார்க்கிலும் கணவர் மெடிக்கல் காலேஜ் பக்கமும் வேலை பார்க்கிறோம். காரை இருவரும் ஓட்டுவோம். மாதத்தில் சில வாரக்கடைசி ஊருக்குப் போய்வருவோம், அத்தையும் மாமாவும் அவ்வப்போது இங்கே வருவார்கள். 2025 செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டி குறைந்த பிறகு, துலாம் மாத மழையில், மூன்று கார்களை வரிசையாக ஓட்டிப் பார்த்தோம்: மாருதி ஸ்விஃப்ட், டாடா பஞ்ச், ஹூண்டாய் எக்ஸ்டர். மூன்றும் 4 மீட்டருக்குள் அடங்குபவை. மூன்றிலும் 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். அதனால் மூன்றுக்குமே வரி 28 சதவீதமும் செஸ்ஸும் என்றிருந்தது 18 சதவீதமாக இறங்கியிருந்தது.

டெஸ்ட் டிரைவை எங்கள் வீட்டுக்கே கொண்டுவரச் சொன்னோம். கேட்டால் எல்லோரும் கொண்டுவருகிறார்கள், கேட்கத்தான் வேண்டும். சந்தின் நடு ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, பிரேக்கிலிருந்து காலை எடுத்து, மறுபடி கிளப்பிப் பார்த்தோம். புதிய ஸ்விஃப்ட்டில் ஹில் ஹோல்டு எல்லா வேரியண்ட்டிலும் வருகிறது. காலை மாற்றும் அந்த ஓரிரு நொடி வண்டி பின்னால் சரியாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. கிளட்ச் லேசு, வண்டியும் எடை குறைவு, அதனால் ஏறுவதில் சிரமமே இல்லை. எக்ஸ்டரில் நாங்கள் ஓட்டிய வேரியண்ட்டில் அந்த வசதி இருந்தது. கீழ் வேரியண்ட் எடுப்பவர்கள் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. நாங்கள் ஓட்டிய பஞ்சில் அது இல்லை. ஹேண்ட் பிரேக் போட்டு எடுத்துப் பழகியவருக்கு அது ஒரு குறையாகத் தெரியாது. புதிதாக ஓட்டுகிறவருக்குப் பின்னால் ஆட்டோ ஒட்டி நிற்கும்போது கை நடுங்கும்.

சிலாப் வேறு கதை சொன்னது. நான்கு பேர் உட்கார்ந்து ஏறும்போது ஸ்விஃப்ட்டின் வயிறு அதன் விளிம்பை உரசும் நிலைக்கு வந்தது. அதன் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மில்லிமீட்டர். எக்ஸ்டர் 185, பஞ்ச் 187. காகிதத்தில் இரண்டு சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். ஆள் ஏறி ஸ்பிரிங் அமுங்கிய பிறகு அந்த இரண்டு சென்டிமீட்டர்தான் மிச்சம் இருக்கிறது. சமதளத்தில் வீடு இருப்பவர்கள் இதை யோசிக்கவே தேவையில்லை.

அத்தைக்கு முழங்கால் வலி. ஸ்விஃப்ட்டில் இடுப்பை இறக்கி உள்ளே போக வேண்டியிருந்தது, வெளியே வரும்போது கதவைப் பிடித்து எழ வேண்டியிருந்தது. பஞ்சில் கதவு கிட்டத்தட்ட 90 டிகிரிக்குத் திறக்கிறது, சீட்டும் உயரம். திரும்பி உட்கார்ந்து காலை உள்ளே எடுத்து வைத்தவர், “மக்களே, இதுல ஏறுறதுக்கு முட்டு வலிக்கல” என்றார். எக்ஸ்டரிலும் அதையே சொன்னார். இளம் தம்பதி கார் வாங்கும்போது விற்பவர்கள் சன்ரூஃபையும் ஸ்கிரீனையும் காட்டுகிறார்கள். நம் வீடுகளில் பின் சீட்டில் அதிகம் உட்காரப்போவது பெற்றோர்கள்தான், பிறகு குழந்தை. அவர்களை உட்கார வைத்துப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

டிக்கியையும் அப்படியே பார்த்தோம். நாகர்கோவிலிலிருந்து திரும்பும்போது மட்டி வாழைக்குலை, தேங்காய், அரிசி மூட்டை இல்லாமல் வந்ததில்லை. ஸ்விஃப்ட் 265 லிட்டர், பஞ்ச் 366, எக்ஸ்டர் 391. ஒரு குலையைப் படுக்க வைத்து அதன் பக்கத்தில் இரண்டு பெட்டி வைக்க முடிகிறதா என்பதுதான் எங்கள் அளவுகோல். எக்ஸ்டரில் சிரமமில்லாமல் முடிந்தது.

எஞ்சினின் குணம் தெரிய வேண்டுமென்றால் பொன்முடிக்குப் போக வேண்டும். கல்லாறு தாண்டியதும் 22 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு தோழியின் பஞ்சிலும் அலுவலக நண்பர் ஒருவரின் எக்ஸ்டரிலும் போய்வந்தோம். பஞ்சில் மூன்று சிலிண்டர். சுமையோடு ஏறும்போது இரண்டாவது கியரில் அதன் உறுமலும் அதிர்வும் உள்ளே நன்றாகவே வருகின்றன. ஆனால் குண்டும் குழியுமான இடத்தில் வண்டி அசைந்து கொடுக்காமல் திடமாகப் போகிறது, அந்த உணர்வை மற்ற இரண்டும் தரவில்லை. எக்ஸ்டரின் நான்கு சிலிண்டர் சத்தமில்லாதது. அவசரப்படுத்தினால் அதுவும் மூச்சு வாங்கும், 83 பிஎஸ் எஞ்சினிடம் அதற்கு மேல் எதிர்பார்க்கவும் கூடாது. கியரைத் தானே மாற்றும் ஏஎம்டியில் வளைவின் நடுவே கியர் மாறும்போது ஒரு சின்னத் தயக்கம் இருக்கிறது. மேனுவல் மோடுக்கு மாற்றிக்கொண்டால் அது போய்விடும். கேசவதாசபுரம் முதல் உள்ளூர் வரை மாலையில் ஊர்ந்து போகிறவர்களுக்கு இடது காலுக்கு ஓய்வு கிடைப்பது அந்தத் தயக்கத்தைவிடப் பெரிய விஷயம்.

மழையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டும் இந்த ஊரை நனைக்கின்றன. தம்பானூரில் ஒரு மணி நேரம் கனமழை பெய்தாலே தண்ணீர் நிற்கும். 2023 அக்டோபர் நடுவில் ஓரிரவு பெய்த மழையில் தெற்றியாறு பெருகி, டெக்னோபார்க் பக்கமும் கழக்கூட்டத்திலும் வெள்ளம் புகுந்தது, பல கார்கள் மூழ்கின. நாங்கள் பார்த்த பஞ்ச் 370 மில்லிமீட்டர் தண்ணீரில் போகும் என்றது டாடா. அதை நம்பி ஆழம் தெரியாத தண்ணீரில் எந்தக் காரையும் இறக்காதீர்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்வதில்தான் பெரும்பாலும் இந்தச் சேதம் நேர்கிறது, சாதாரண இன்ஷூரன்ஸ் பொதுவாக இதற்குப் பணம் தருவதில்லை. எஞ்சின் புரொட்டெக்‌ஷன் என்ற கூடுதல் கவர் வேண்டும். இந்த ஊரில் சன்ரூஃபை விட்டுக்கொடுத்தாவது அதை வாங்குவேன்.

பாதுகாப்பில் முடிவு சொல்வது எளிதாக இல்லை. பஞ்ச் 2021-இல் குளோபல் என்கேப்பின் மோதல் சோதனையில் பெரியவர் பாதுகாப்புக்கு 5 ஸ்டார் வாங்கியது, ஆனால் அது அப்போதைய பழைய விதிமுறையில். நாங்கள் பார்த்த பஞ்சில் ஏர்பேக் இரண்டுதான். ஸ்விஃப்ட்டிலும் எக்ஸ்டரிலும் ஆறு, எல்லா வேரியண்ட்டிலும். ஸ்விஃப்ட்டின் உறவான டிசையர் 2024-இல் 5 ஸ்டார் வாங்கியதைச் சொல்லி ஸ்விஃப்ட்டை விற்கப் பார்ப்பார்கள். மோதிப் பார்த்த காருக்குத்தான் அந்த ஸ்டார்.

பணக் கணக்கில் கேரளத்தின் சாலை வரியை மறக்கக் கூடாது. 5 முதல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு 13 சதவீதம். 8 லட்ச ரூபாய் எக்ஸ்-ஷோரூம் விலைக்கு வரி மட்டும் 1,04,000 ரூபாய். இன்ஷூரன்ஸை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஓரிடத்தில் எங்களிடம் “ஹேண்ட்லிங் சார்ஜ்” என்று ஒரு தொகையை எழுதினார்கள். எதற்கு என்று கேட்டதும் அடித்துவிட்டார்கள். பெட்ரோலில் ஸ்விஃப்ட்டை யாரும் தொட முடியாது. நிறுவனக் கணக்கில் அது லிட்டருக்கு 24.8 கிலோமீட்டர், எக்ஸ்டர் 19.4. மாதம் 800 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 9 லிட்டர் வித்தியாசம், லிட்டர் 107 ரூபாய் என்று வைத்தால் ஆயிரத்தை ஒட்டி வருகிறது.

மின்சாரக் கார்? சொந்த வீடும் போர்ச்சும் இருந்திருந்தால் பஞ்ச் ஈவியைத்தான் முதலில் பார்த்திருப்போம். நாகர்கோவில் ஒரு பக்கம் எழுபது கிலோமீட்டர்தான், போய்வர ஒரு சார்ஜ் தாராளம். வாடகை வீட்டில் 15 ஆம்ப் பாயிண்ட்டுக்கும் மீட்டருக்கும் வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும். எங்களுக்கு அது கிடைக்கவில்லை.

எக்ஸ்டர் ஏஎம்டியை எடுத்தோம். ஏற்றம், சிலாப், அத்தையின் முழங்கால், வாழைக்குலை நான்குக்கும் அது ஒத்துவந்தது. கணவர் உயரம், நான் குட்டை. சீட்டை ஏற்றி இறக்கி இருவரும் பானெட்டின் முனையை ஊகிக்க முடிகிற ஒரே காராகவும் அதுவே இருந்தது. குழியும் கல்லுமான மலையோர ரோட்டில் தினமும் போகிறவர்களுக்கு எஞ்சின் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு பஞ்சையே சொல்வேன். வீடு சமதளத்தில், பெரியவர்கள் அதிகம் ஏறப்போவதில்லை, முக்கோலையிலிருந்து காரோடு வரையிலான கான்கிரீட் பைபாஸில் அடிக்கடி களியக்காவிளை போய்வர வேண்டும் என்றால் யோசிக்காமல் ஸ்விஃப்ட்.