பீப்பாயில் வந்த இலை

டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' (1954–55) நாவலில் போர்கள் ஏராளம். அவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு சிறு பீப்பாய்கள். சாருமான் என்ற மந்திரவாதியின் கோட்டை வெள்ளத்தில் மூழ்கிய பிறகு மெர்ரி, பிப்பின் என்ற இரண்டு ஹாபிட்டுகளுக்கு அவை அகப்படுகின்றன. உள்ளே சுங்கானில் புகைக்கும் இலை. மேலே அவர்கள் சொந்த நாடான ஷயரின் வியாபாரி முத்திரை. 1417ஆம் வருஷத்து விளைச்சல். சந்தோஷமாகப் புகைக்கிறார்கள். அரகார்ன் மட்டும், இது எப்படி இவ்வளவு தூரம் வந்தது என்று சந்தேகப்படுகிறான். நாவல் முடியும் தறுவாயில்தான் விடை வருகிறது: லோதோ என்ற ஹாபிட் இலையை ரகசியமாக வெளியே விற்று, ஆலைகளையும் தோட்டங்களையும் வாங்கிக் குவித்து, கடைசியில் ஊரையே சாருமானின் ஆட்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறான். தீமை ஷயருக்குள் வந்தது சரக்கு வண்டி போன வழியில்.

டோல்கீனைப் பழம்பெருமைக் கனவு காண்பவர் என்று ஒதுக்குகிறவர்கள் இந்த இடத்தைப் படித்ததாகத் தெரியவில்லை. அவர்கள் சந்தேகத்தில் நியாயமே இல்லையென்றும் சொல்லமாட்டேன். ஷயரையும் அந்தக் கோட்டையையும் இணைக்கும் பழைய தெற்குச் சாலை டன்லெண்ட் மலைகளை ஒட்டிச் செல்கிறது. அம்மலைவாசிகள் சாருமான் பக்கம் நின்று ரோஹன் நாட்டுக் குதிரைவீரர்களை எதிர்க்கிறார்கள். முற்றுகை இரவில் அவர்கள் வெறும் கூச்சல். அந்தப் பாஷை தெரிந்த காம்லிங் என்ற ரோஹன் கிழவன்தான் நமக்கு விளக்குகிறான்: கோண்டோர் பிரபுக்கள் இந்தப் பூமியை ரோஹன்காரர்களுக்குத் தூக்கிக் கொடுத்ததை ஐந்நூறு வருஷமாகியும் அவர்கள் மறக்கவில்லையாம். தன் குறையைத் தானே சொல்ல மலைக்காரன் ஒருவனுக்கும் ஒரு வாக்கியம்கூடக் கிடைக்கவில்லை.

குறையின் வேர் இன்னும் ஆழத்தில். டோல்கீன் 1973இல் இறந்தபின் மகன் கிறிஸ்டோபர் 1980இல் வெளியிட்ட 'அன்ஃபினிஷ்டு டேல்ஸ்' தொகுதியில் அது இருக்கிறது. கடல் கடந்து வந்த நூமெனோர்காரர்கள் கப்பல் கட்ட மரம் தேடி க்வாத்லோ ஆற்றின் இருகரைக் காடுகளையும் வெட்டித் தள்ளினார்கள், மறுபடி நடவில்லை. காட்டில் வாழ்ந்தவர்களில் ஒரு பகுதியினர் மலைக்கு ஓடினார்கள். டன்லெண்ட்காரர்கள் அவர்கள் வழிவந்தவர்கள். நாவலின் முடிவில் முடிசூடும் அரகார்னோ நூமெனோர் வம்சம். அதே தொகுதியில், சாருமானுக்காக ஷயர் எல்லையில் இலை பேரம் பேசியவன் டன்லெண்டிலிருந்து விரட்டப்பட்ட ஒருவன் என்ற குறிப்பும் உண்டு. காட்டை இழந்த இனத்தில் ஒருவன், அந்த இனமும் கைவிட்டபின் தரகனாகிறான். தனி நாவலுக்கான விஷயம் குறிப்பாகக் கிடக்கிறது.

அவரால் முடியாததல்ல. கான்-புரி-கான் என்ற காட்டுத் தலைவனை அவர் பேசவிட்டிருக்கிறார். கோண்டோர்காரர்கள் கல் ஏற்றிப்போன வண்டிப்பாதை, அவர்களே மறந்துபோனது, அவனுக்குத் தெரியும். ரோஹன் சேனைக்கு அதைக் காட்ட அவன் கேட்கும் விலை, தன் ஜனங்களை மிருகங்கள்போல இனி வேட்டையாடக்கூடாது என்பது. உடைந்த மொழிதான், ஆனாலும் ராஜதந்திரம். அதுவரை நாம் நேசித்த குதிரைவீரர்கள் மனிதவேட்டை ஆடியவர்கள் என்பது அந்த ஒரு நிபந்தனையில் தெரிந்துவிடுகிறது.

போர் முடிந்து வென்றவர்கள் டன்லெண்ட் எல்லை வழியாக வடக்கே திரும்புகிறார்கள். மலைக்காரர்கள் ஓடி ஒளிகிறார்கள். பயணிகள் பொருட்படுத்தவில்லை என்று எழுதிவிட்டு டோல்கீன் மேலே போகிறார். கொஞ்ச தூரத்தில் கந்தலுடுத்தி நடந்துபோகும் சாருமானைக் கண்டு நிற்கிறார்கள். மெர்ரி அவனுக்குப் புகைக்க இலை கொடுக்கிறான், அவன் கோட்டையில் அகப்பட்ட அதே இலையை. சாருமான் பையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறான்.